உப்புத் தண்ணி தின்ன நீலம்: பொங்கல் வாழ்த்து அட்டை, மூணாவது வருஷம்

நீலம் நின்னுருச்சுங்க! மார்கழி முதல் ஞாயித்துக்கிழமை கழுவி காயப்போட்ட அட்டை, இன்னையோட பன்னெண்டு நாளு, ஒரு துளி வெளுக்கல. தினம் காலைல எந்திரிச்சதும் அலமாரியத் திறந்து அதைத்தான் பாக்கறேன். ரெண்டு வருஷம் இதுக்காக அலைஞ்சிருக்கேன், அதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

சயனோடைப்ல, அதாவது ரெண்டு உப்புக் கரைசல பூசின தாள வெயில்ல காட்டி நீலமாக்கற பழைய போட்டோ முறைல, பொங்கல் வாழ்த்து அட்டை பண்றது ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சது. சின்ன வயசுல வீட்டுக்கு தை பொறக்கறதுக்கு முன்னாடியே கரும்பும் மாடும் போட்ட அட்டை கத்தை கத்தையா வரும், அம்மா அதை ஜன்னல் கம்பில கயித்துல கோத்து தொங்க விடுவாங்க, அதுதான் எங்க வீட்டு பண்டிகை அலங்காரமே. இப்ப எல்லாம் வாட்ஸ்அப்ல வந்து வாட்ஸ்அப்லயே போயிருது. கையில புடிக்கற மாதிரி ஒண்ணு அனுப்பணும்னு 40 அட்டை. காப்புக் கட்டுக்கு சொருகற வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூணையும் தாள் மேல வெச்சு வெயில்ல போட்டா இலை இருந்த இடம் வெள்ளை, மிச்சமெல்லாம் நீலம். கொங்குப் பக்கத்து ஆளுங்களுக்கு அதைப் பாத்ததும் போகிப் பண்டிகை ஞாபகம் வந்துரும், ஒரு எழுத்து கூட எழுத வேண்டாம்.

அனுப்புனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மாசி மாசம் தாராபுரம் சித்தி வீட்டுக்கு போனா, அட்டைய டிவி மேல வெச்சிருக்காங்க பாவம், நீலமெல்லாம் போயி பழுப்பேறி கிடக்கு. "ஏங்கண்ணு, இது இப்படித்தான் இருக்குமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல.

கரைசல்ல தப்பு இல்ல. 1842ல இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச அதே ரெண்டு உப்புதான், 100 மில்லிக்கு ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு பாட்டில்ல பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், பூசறப்ப சரிபாதி. அடுத்த வருஷம் வெயில் பத்தலையோன்னு நேரத்தக் கூட்டுனேன், சித்திரைல 6 நிமிஷம் வெச்சா போதும், மார்கழில மத்தியானமே 11, 12 நிமிஷம் கேக்குது, 20 வரைக்கும் கூட வெச்சுப் பாத்தேன். சிட்ரேட் கரைசல்ல பூஞ்சை புடிச்சிருந்துச்சு, கொட்டிட்டு புதுசா வாங்குனேன். பிரஷ்ல இருந்த இரும்புப் பட்டை காரணமோன்னு பஞ்சு பிரஷ்ஷுக்கு மாறுனேன். எதுவும் ஆகல, கழுவறப்பவே கண்ணு முன்னாடி நீலம் கரைஞ்சு போறது அப்பதான் கவனிச்சேன். வெயில் படாத இடத்துல மிச்சமிருக்கற மஞ்சள் கரைசல் போனதுக்கப்புறமும் தண்ணில விட்டா விட்ட நேரத்துக்கு வெளுத்துட்டே போகுது.

தண்ணிதான்!

கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல, வீட்டுல ரெண்டு குழாய், ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு போர் தண்ணி. சிறுவாணித் தண்ணி எங்க ஏரியாவுக்கு நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும், அதை குடிக்க புடிச்சு வெக்கவே சரியா இருக்கும், துணி பாத்திரம் எல்லாத்துக்கும் உப்புத் தண்ணிதான். நான் ரெண்டு வருஷமா அட்டையக் கழுவுனதும் அதுலதான். மீன் தொட்டிக் கடைல பிஹெச் பாக்கற கிட் வாங்கி விட்டுப் பாத்தேன், 8க்கு மேல காட்டுது, அதாவது காரத் தண்ணி. சயனோடைப்ல வர்ற நீலம் பிரஷ்யன் ப்ளூ, அதுக்கு காரம் ஆகவே ஆகாது, காரத் தண்ணி பட்டா அந்த நீலம் உடைஞ்சு வெறும் இரும்புத் துரு மாதிரி மஞ்சப் பழுப்பாயிரும். சித்தி வீட்டு டிவி மேல நான் பாத்தது அந்தப் பழுப்பைத்தான்.

சோதிச்சுப் பாக்காம நம்ப முடியாது இல்ல, ஒரே தாள்ல பூசி நாலா வெட்டி, ஒரே நேரத்துல ஒரே பலகைல வெயில் காட்டி, நாலு பேசின்ல போட்டேன். போர் தண்ணி, சிறுவாணி, ஃபில்டர் தண்ணி, அப்பறம் லிட்டருக்கு அரை ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்ட போர் தண்ணி. பத்து பத்து நிமிஷம். முதல் பேசின்ல இருந்தது பள்ளிக்கூட யூனிஃபார்ம் பத்து வருஷம் துவைச்ச மாதிரி. சிறுவாணியும் ஃபில்டரும் நல்ல நீலம், ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. நாலாவதுதான் எனக்கு ஆச்சரியம், அதே உப்புத் தண்ணிதான், ஒரு சிட்டிகை புளிப்பு விழுந்ததும் நீலம் அப்படியே புடிச்சுக்கிச்சு, இலை ஓரத்துல வர்ற வெளிர் நீலம் கூட மத்த மூணையும் விட நல்லா நின்னுச்சு. எலுமிச்சம்பழம் புழிஞ்சும் பாத்தேன், வேலை செய்யுது, சக்கை தாள்ல ஒட்டிக்குது, வடிகட்டணும். வினிகரும் சரிதான். ஆனா புளிப்புதானேன்னு பாத்ரூம் கழுவற ஆசிட் பக்கம் யாரும் போயிராதீங்க, ஃபெர்ரிசயனைடு மேல பலமான அமிலம் பட்டா விஷவாயு வர வாய்ப்பிருக்கு, சமையலறைல இருக்கற புளிப்பு போதும்.

இப்ப நான் பண்றது: முதல் அலசல் சிட்ரிக் போட்ட போர் தண்ணில, மஞ்சள் போற வரைக்கும். கடைசி அலசல் மட்டும் சிறுவாணில. "குடிக்கற தண்ணில போட்டோ கழுவறியா"ன்னு அம்மா ஒரு பாட்டு சத்தம் போட்டாங்க, நியாயந்தான், ஒரு குண்டான்ல நாலு அட்டைக்கு ஒரே தண்ணின்னு பேசி முடிச்சோம்.

தண்ணியோட முடியல, தாளும் ஒரு காரணம். அட்டைக்கு நான் வாங்கிட்டு இருந்தது ஆசிட் ஃப்ரீன்னு போட்ட 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள். நல்ல வார்த்தை மாதிரி இருக்கு, ஆனா அதுல பலதுக்கு தாள் மக்காம இருக்க சுண்ணாம்புச் சத்து, கால்சியம் கார்பனேட், கலந்தே வருது. புத்தகத்துக்கு நல்லது, நமக்கு எமன், தண்ணி எவ்வளவு நல்லதா இருந்தாலும் உள்ள இருந்தே நீலத்த மெல்ல மெல்ல தின்னும். ஒரு ஓரத்துல வினிகர் சொட்டு விட்டு லென்ஸ்ல பாருங்க, குமிழ் குமிழா பொங்குச்சுன்னா அந்தத் தாள் வேண்டாம். நான் இப்ப கையால செஞ்ச பருத்தித் தாளுக்கு மாறிட்டேன், ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், வாழ்த்து அட்டைக்கு அதுவே அழகு. மைசூர்ல இருந்து நண்பர் ஒருத்தர் வாங்கிட்டு வந்தது, 25 ஷீட், இன்னும் 9 இருக்கு. கெமிக்கலுக்கு டவுன்ஹால் பக்கத்துல ஒரு லேப் சாமான் கடை, பெரியவர் ஒருத்தர், பச்சை சிட்ரேட்டா பழுப்பு சிட்ரேட்டான்னு அவரே கேட்டுக் குடுப்பார், பச்சைதான் வாங்கணும்.

இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேத்திருக்கேன், கண்ணாடில மாக்கோலம். இலை மட்டும் எத்தனை வருஷம் போடறதுன்னு யோசிச்சப்ப வந்தது. பச்சரிசி மாவு கரைச்சு 4 மில்லிமீட்டர் கண்ணாடி மேல அம்மாவ இழைக்கோலம் போடச் சொல்லி, காஞ்சதும் தாள் மேல வெச்சு வெயில் காட்டுனா நீலத் தரைல வெள்ளைக் கோலம். கோலப்பொடில முதல்ல பாத்தேன், மாடிக் காத்துல ஒரே நிமிஷத்துல பறந்துருச்சு. மாவு முதல் தடவை வெயில்ல வெடிச்சு உதிர்ந்துச்சு, அப்பறம் அம்மாவே கொஞ்சம் சோத்துக் கஞ்சி ஊத்திக் கலக்குனாங்க, கெட்டியா ஒட்டிக்கிச்சு, அந்த ஒரு கண்ணாடில 11 அட்டை எடுத்தாச்சு, கோலம் இன்னும் அப்படியே இருக்கு. இதுல நான் எதிர்பாக்காதது என்னன்னா, மாவு தடிமனா விழுந்த இடம் சுத்த வெள்ளை, விரல் இழுத்து மெலிஞ்ச இடம் வெளிர் நீலம். அம்மாவோட மோதிர விரல் எங்க அழுத்துச்சு, எங்க திரும்புச்சுன்னு அட்டைல அப்படியே தெரியுது. பிரிண்டர்ல நெகட்டிவ் எடுத்து போட்டா இது வராது. மாவுப் பக்கம் மேல இருக்கணும், கீழ வெச்சா தாள்ல ஒட்டிரும், எழுத்து இருந்தா இடம் வலமா மாறியும் போயிரும். கண்ணாடி தடிமனால கோடு கொஞ்சம் மங்குமோன்னு பயந்தேன், வெயில் நேரா விழற மாதிரி பலகைய சாய்ச்சு வெச்சா 10 நிமிஷத்துக்கு ஒண்ணும் ஆகல.

அப்பாவுக்கு இது ரொம்ப புடிச்சுப் போச்சு. அவர் பம்ப் செட் கம்பெனில டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவரு. "இது நம்ம ப்ளூ பிரிண்ட் கண்ணு, நான் வேலைக்கு சேந்தப்ப பழைய டிராயிங்கெல்லாம் நீலத்துல வெள்ளைக் கோடுதான், அப்பறம்தான் அமோனியா பிரிண்ட் வந்துச்சு"ன்னு ஒரு மணி நேரம் பேசுனாரு. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. இப்ப பலகைக்கு கிளிப் மாட்டறதும் நேரம் பாக்கறதும் அவர் வேலை, 11 நிமிஷம்னா 11 நிமிஷம், ஒரு செகண்ட் விட மாட்டாரு.

இலை வெக்கறவங்களுக்கு ஒண்ணு. வேப்பிலைய பறிச்ச ஈரத்தோட வெக்காதீங்க, சாறு பட்டு புள்ளி புள்ளியா கறை வரும், ரெண்டு நாள் பேப்பருக்குள்ள வெச்சு கனம் ஏத்தணும். பூளைப்பூ எவ்வளவு அழுத்துனாலும் தட்டையாகாது, கதிரோட ஓரம் புகை மாதிரி மங்கலாத்தான் வரும், எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. 1843ல இங்கிலாந்து தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிய இப்படித்தான் தாள் மேல பரப்பி பதிச்சாங்க, பாசி மெல்லிசு, அதனால நரம்பு வரைக்கும் அவங்களுக்கு விழுந்துச்சு. பூளைப்பூ பூ மார்க்கெட்டுக்கு போகிக்கு முந்தின நாள்தான் குவியும், அதுக்குள்ள தபால்ல போட்டாகணும்ங்கறதால நான் சூலூர் தாண்டி தரிசுக்காட்டுல போயி பறிச்சுட்டு வந்தேன்.

அடுத்து ரெண்டு யோசனை ஓடுது. ஒண்ணு கடுக்காய். நாட்டு மருந்துக் கடைல கடுக்காய்ப் பொடி வாங்கியாச்சு, அதுல துவர்ப்பு ஜாஸ்தி, இரும்போட சேந்தா கருப்பாகும், டீத்தூள்ல ஊற வெச்சு நீலத்தோட நிறத்த மாத்தறவங்க இருக்காங்க, கடுக்காய்ல பண்ணா நீலக் கருப்பு வரும்னு நினைக்கறேன். இன்னொண்ணு தோரணம். வேட்டித் துணிய முக்கோணமா வெட்டி பூசி, மாவிலை பதிச்சு, வாசல்ல கட்டணும். சோப்புல துவைச்சா நீலம் போயிரும், தோரணத்த யாரு துவைக்கப் போறா, தூசி தட்டினா போதும்.

அதுக்கு முன்னாடி அட்டை. 24 முடிஞ்சுது, இன்னும் 16. மடிச்ச அட்டை 10 கிராம் கூட வராது, கவரோட சேத்தாலும் 20 கிராமுக்குள்ள அடங்கிருது, எடை போட்டுப் பாத்துட்டேன். நாளைக்கு சிறுவாணி வர்ற நாள். அதிகாலை மூணு மணிக்கு திறந்து விடுவாங்க, ரெண்டு குண்டான் தனியா எடுத்து வெச்சிருக்கேன், பதினோரு மணிக்கு மேல வெயில் வந்தா எட்டு அட்டையாச்சும் முடிக்கலாம். முதல்ல சித்தி அட்டை.