வாசல்ல வெண்டைக்காய், எச்ஓஏ அப்ரூவலோட

அமெரிக்கால சொந்த வீடு வாங்குற வரைக்கும் எச்ஓஏன்னா (ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன், காலனி வீட்டுக்காரங்க சங்கம்) மாசாமாசம் காசு வாங்குற அசோசியேஷன்னு மட்டும்தான் நெனச்சிட்டு இருப்போம், குடி வந்தப்புறம்தான் புல்லு எவ்ளோ உயரம் இருக்கணும் குப்பைத்தொட்டி எங்க நிக்கணும்னு எல்லாத்துக்கும் ரூல் இருக்குன்னு புரியும். ஃப்ளோரிடால டாம்பா பக்கம் நாங்க வந்தப்போ வாசல் பூரா செயின்ட் அகஸ்டின் புல்லு, சுவத்தோரம் நாலு குரோட்டன்ஸ், அவ்ளோதான். நல்ல வெயில் விழுறதும் அங்கதான், பின்பக்கம் பாதி நாள் நிழல். காய்கறி போடணும்னா முன்னாடிதான் போட்டாகணும்.

சட்டம் இருக்கே, எச்ஓஏ என்ன பண்ண முடியும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுவாங்க. சட்டம் இருக்கு, நமக்குப் பாதிதான் உதவும். மயாமி ஷோர்ஸ்ல ஒரு தம்பதி 17 வருஷமா வீட்டு முன்னாடி காய்கறி போட்டுட்டு இருந்தாங்க, 2013ல ஊர் நிர்வாகம் விதிய மாத்தி எடுக்கலன்னா தினம் 50 டாலர் ஃபைன்னு மிரட்டி எடுக்க வெச்சுது, கோர்ட்லயும் அவங்க தோத்துட்டாங்க, ஆனா அந்த சண்டை கடைசில 2019 ஜூலைல ஒரு மாநில சட்டமா வந்து நின்னுது. சிட்டி, கவுண்டி எதுவும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைத் தடுக்கக்கூடாது. எச்ஓஏ மட்டும் அதுக்குள்ள வரல. 2024ல வந்த சட்டம் எச்ஓஏ கையையும் கட்டுது, அதுவும் ரோட்டுல இருந்தோ பக்கத்து வீட்டுல இருந்தோ பாத்தா கண்ணுல படாத தோட்டத்துக்கு மட்டும்தான். நாம கேக்குறதே வாசல்ல!

அதனால பாத்தி கட்டி வரிசையா நடுற எண்ணத்தையே விட்டுட்டோம். அழகுச்செடி நிக்கிற இடத்துல அதே உயரம் அதே உருவத்துல சாப்பிடுற செடிய நிறுத்துறதுதான் வழி. அலங்காரப் புல்லுக்குப் பதிலா லெமன்கிராஸ், தூரத்துல பாத்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜன்னலுக்குக் கீழ அரை நிழல்ல மஞ்சள், அந்த அகல இலை கல்வாழை மாதிரியே நிக்கும், குளிர்ல மட்டும் இலை காஞ்சு மண்ணுக்குள்ள போயிடும். ஓரத்துல சக்கரவள்ளிக் கொடி படர விட்டா புல்லே வேணாம், கொழுந்தையும் பொரியல் பண்ணலாம். ஆனா நர்சரில அழகுக்குன்னு விக்கிற ஊதா இலைக் கொடிய வாங்கிட்டு வந்து உடனே சமைக்காதீங்க, என்ன மருந்து அடிச்சாங்கன்னு தெரியாது, நாங்க கிழங்குல இருந்தே முளைக்க வெச்சோம்.

நடுவுல சிவப்பு வெண்டை. தண்டு, இலை நரம்பு, காய் எல்லாமே சிவப்பு, காலைல விரியிற பூ வெளிர் மஞ்சள், உள்ள குழில கருஞ்சிவப்பு, செம்பருத்தி குடும்பம்ங்கிறது பாத்தாலே தெரியும், மதியத்துக்கு மேல சுருங்கிடும். வாசல்ல செடி மாத்த எச்ஓஏ கமிட்டிக்குக் குடுக்குற அப்ரூவல் ஃபார்ம்ல அபெல்மோஸ்கஸ் எஸ்குலென்டஸ்னு தாவரப்பேர எழுதினேன். பொய் ஒண்ணும் இல்லையே! உண்மையச் சொல்லணும்னா கமிட்டிக்காரங்க செடி பேரப் பாக்குறதே இல்ல, பாத்திக்கு ஒழுங்கா ஓரக்கல் இருக்கா, மரப்பட்டை மல்ச் போட்டிருக்கா, இதான் அவங்க கவலை.

இங்க சீசன் தலைகீழ். தக்காளி, கொத்தமல்லி எல்லாம் குளிர் விலகாத மாசங்கள்ல, ஜூலை ஆகஸ்ட்ல தாங்குறது வெண்டை, தண்டுக்கீரை, துவரை, பசலை மாதிரி நம்ம ஆளுங்கதான். மண்ணு வெறும் மணல். வெண்டை நல்லா வளந்துட்டு திடீர்னு சோந்து நின்னா பிடுங்கி வேரப் பாருங்க, முடிச்சு முடிச்சா வீங்கி இருந்தா அது நூற்புழு, அந்த இடத்துல அடுத்த வருஷம் வெண்டை வேணாம். எல்லா கவுண்டிலயும் யுனிவர்சிட்டி ஆஃப் ஃப்ளோரிடாவோட எக்ஸ்டென்ஷன் ஆபீஸ், அதாவது தோட்டம், விவசாயத்துக்கு ஆலோசனை சொல்ற ஆபீஸ் இருக்கு, கேட்டா சொல்லுவாங்க.

இன்னொண்ணு, இதை யாரும் நமக்குச் சொல்றதில்ல. புது காலனி பலதுல புல்லுக்குப் போற ஸ்பிரிங்க்ளர் தண்ணி சுத்திகரிச்ச கழிவுநீர், பைப் ஊதா கலர்ல இருக்கும். தோல் உரிக்காம, சமைக்காம அப்படியே வாய்ல போடுற கீரை, தக்காளி மேல அது நேரா படக்கூடாதுன்னு மாநில விதியே இருக்கு. அந்தப் பாத்திக்கு வர்ற ஸ்பிரிங்க்ளர் தலைய அடைச்சிட்டு வீட்டுத் தண்ணில சொட்டு நீர் போட்டுக்கோங்க. அதேமாதிரி புல்லுக்கு மருந்தடிக்க ஆள் வர்ற நாள் தெரிஞ்சு வெச்சு இந்தப் பாத்தில அடிக்க வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

கருவேப்பிலைய ஊர்ல இருந்து செடியா கொண்டு வர ஆசைப்படாதீங்க. அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம், ஆரஞ்சு மரத்தைக் கொல்ற கிரீனிங் நோயப் பரப்புற பூச்சி இதுல தங்கி பெருகும். 2005ல அந்த நோய் ஃப்ளோரிடாவுல தெரிஞ்சதுல இருந்து இங்க ஆரஞ்சுத் தொழிலே ஆடிப்போச்சு, அதனால இந்த விஷயத்துல கெடுபிடி நியாயம்தான். லைசென்ஸ் உள்ள உள்ளூர் நர்சரில வாங்கி தொட்டில வெச்சா போதும்.

முருங்கை பின்பக்க மூலைல, பாதி வெயில்லயே தாங்குது. அது எல்லாத்தையும் தாண்டி கூரைய எட்டிப்பாக்கும், மரமும் வலுவில்லாதது, காத்துல ஒடியும். ஜூன் 1ல ஹரிக்கேன் சீசன் தொடங்குறதுக்குள்ள இடுப்பளவுக்கு வெட்டிடுறோம், வெட்டின கீரை நாலு வீட்டுக்குப் போகுது.