பேச விடாமல் வாசிக்கச் சொன்னோம்

முதல் இரண்டு வகுப்புகளுக்கு நான் தமிழ் கற்பித்த பள்ளி ஒன்றில், ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர்கள் கையில் ஒரு விதித்தாளைக் கொடுப்பார்கள். பாடவேளையில் மாணவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது, ஆசிரியர் கேட்டால்தான் வாய் திறக்க வேண்டும், சொல்லும் விடை புத்தகத் தமிழில் இருக்க வேண்டும் என்பவை அதன் முதல் மூன்று விதிகள். வாசிப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கு நாள்தோறும் 20 நிமிடம் தனிப்பயிற்சி தர வேண்டும் என்பது அதே தாளின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்க விதிகள்தாம் பின்பக்கப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தன என்பது எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

அதைப் புரியவைத்தவன் இரண்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுவன். ‘அக்கா கடைக்குப் போனாள், பழம் வாங்கி வந்தாள்’ என்று பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். வரியின் மேல் விரலை ஓட்டியபடி, ‘அக்கா கடைக்குப் போனா, பழம் வாங்கிட்டு வந்தா’ என்று தயங்காமல் படித்தான். தவறு என்று சொல்லி மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் அப்படியே படித்தான், மறுபடியும் நிறுத்தினேன். நான்காம் முறை, ‘போ... னா... ள்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, பிழையில்லாமல் வரியை முடித்தான். ‘அக்கா எதற்குப் போனாள்?’ என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. முதல் முறை படித்தபோது அவனுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்ததை அவன் கையிலிருந்து பிடுங்கியவள் நான்.

தமிழில் வாசிக்கத் தொடங்கும் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: எழுத்தைக் கூட்டுகிறது, கூட்டியதைத் தான் பேசும் சொல்லோடு பொருத்துகிறது. 247 எழுத்துகள் என்ற எண்ணைக் கேட்டு நாம் மலைக்கிறோமே தவிர, 12 உயிரும் 18 மெய்யும் சேரும் முறை பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்களில் பெரும்பகுதியைக் குழந்தை தானாகவே கூட்டிப் படித்துவிடும். ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் நிற்க, ஒலியோ நடுவிலிருக்கும் ககரத்திலிருந்து தொடங்குவதால் சிலர் சில வாரம் தடுமாறுவார்கள்; அது பழக்கத்தில் சரியாகிவிடும். கல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதுதான் அதைவிடக் கடினம். ‘ப, க, ல்’ என்று எழுத்தெழுத்தாக வல்லோசையுடன் கூட்டும் குழந்தை, வாயிலிருந்து வரும் ஓசையைத் தான் ஏற்கெனவே பேசும் ‘பகல்’ என்ற சொல்லோடு பொருத்திப் பார்த்தால்தான் சரியான ஒலிக்கு வந்து சேரும். ஆகவே எழுத்துக்கும் பொருளுக்கும் இடையே குழந்தைக்கு இருக்கும் ஒரே பாலம் அதன் பேச்சு. நாங்கள் விதி போட்டு அடைத்துவைத்திருந்தது அந்தப் பாலத்தைத்தான்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விளைவு என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டில் எழுதினார்கள். பெருக்கலில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. என் வகுப்பில் நான்காம் முறை நடந்தது அதுதான்.

விதிகளை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. வகுப்பில் சத்தம் கேட்டால் ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் எல்லாரிடமும் ஊறிப்போயிருந்தது. பல கூட்டங்களுக்குப் பிறகு, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் நாளுக்கு 15 நிமிடம் இருவர் இருவராக உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கவும், படித்ததைத் தங்கள் பேச்சிலேயே ஒருவருக்கொருவர் சொல்லவும் அனுமதி கிடைத்தது. பிழைகளைக் குறிக்கும் ஏட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். எழுத்தை அடையாளம் காணாததால் வரும் பிழைகள் இடப்பக்கம். ‘போனாள்’ என்பதைப் ‘போனா’ என்று படிப்பவை வலப்பக்கம். ஒரு மாதத்தில் வலப்பக்கம்தான் நிரம்பி வழிந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது தனிப்பயிற்சி அன்று. ‘நீ சொன்னது சரி, புத்தகத்தில் இப்படி எழுதுவார்கள்’ என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்குப் போதும். இடப்பக்கத்தில் பெயர் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கே 20 நிமிடங்களையும் செலவிட்டோம். அதற்கு முன் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்தோம்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. நிலையறிந்து கற்பிப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் பெயர் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், எது கீழ் நிலை என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிலை என்பது ஆசிரியரின் ஏட்டுக்குள் இருக்க வேண்டிய செய்தி.

வீட்டுக்கு அனுப்பும் குறிப்பிலும் இதே தவறு இருந்தது. ‘தங்கள் மகன் வாசிப்பில் மிகவும் பின்தங்கியுள்ளார்’ என்று எழுதிக் குழந்தையிடமே கொடுத்தனுப்புவோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருவர் அந்தத் தாளை அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மகனும் அருகில் நின்று கேட்டிருக்கிறான். மறுநாள் அவர் என்னிடம், ‘டீச்சர், அதை என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே’ என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் குறையை நேரில் மட்டுமே சொல்வது என்றும், வீட்டுக்குப் போகும் குறிப்பில் அந்தக் குழந்தையே படித்துக்காட்டக்கூடிய சொற்கள்தாம் இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். அந்தத் தாயின் மகனுக்கு நான் எழுதிய முதல் குறிப்பு, ‘நான் இன்று ஐந்து வரி படித்தேன்’ என்பது. பள்ளி வாசலிலேயே தாளைப் பிரித்து, ‘இன்னைக்கு அஞ்சு வரி படிச்சேன்’ என்று அம்மாவுக்குப் படித்துக்காட்டினான். நான் திருத்தவில்லை.