மிக்ஸியிலேயே மாம்பழ சோர்பே (பால் சேர்க்காத பழ ஐஸ்)
வாங்கிய பங்கனபள்ளி எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டதால், 3 பழத்தைத் துண்டு போட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் கல் மாதிரி இருந்தது. 10 நிமிடம் வெளியே வைத்துவிட்டு, 4 ஸ்பூன் சர்க்கரைப் பாகு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகிப் பழம் உருகிவிடும். முதலில் வெறும் தூளாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சட்டென்று வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். சர்க்கரையில் ரொம்பக் கை வைக்காதீர்கள், நான் ஒருமுறை குறைக்கப் போய் மீதியை எடுத்து வைத்தது பாறையாகிவிட்டது. தண்ணீர் மொத்தமாக உறையாமல் தடுப்பதே சர்க்கரைதான். தர்பூசணி என்றால் பாகு இன்னும் 2 ஸ்பூன் கூட.