கழித்தலுக்கு முன்னால் ஓர் இடைவெளி

ஒருவழியாகக் கழித்தல் வந்துவிட்டது! மூன்று ராத்திரி. தகவலுக்கு டேக் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கும் கோப்பு வகை எக்ஸ்எம்எல்; அதில் தேடும் மொழி எக்ஸ்குவெரி. அந்த மொழியில் நாலு வளையம் போட்டுத் தொகுக்கத் தெரிந்தவன், இரண்டு எண்ணைக் கழிக்கத் தெரியாமல் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் புத்தகப் பட்டியல்தான் விஷயம். டேக் எல்லாம் தமிழில்: நூல், விலை, தள்ளுபடி. எக்ஸ்எம்எல் இதற்கு முகம் சுளிப்பதில்லை. கையைவிட்டுப் போன காசு எவ்வளவு என்று பார்க்க இப்படி எழுதினேன் ($ந என்பது ஒவ்வொரு நூலாக வரும் மாறி, சாய்கோடு என்றால் அதற்குள்ளே தேடு):

$ந/(விலை-தள்ளுபடி)

பிழையும் இல்லை, விடையும் இல்லை. வெறும் வெள்ளைத் திரை. அதே இடத்தில் + போட்டால் எண் வருகிறது, * போட்டாலும் வருகிறது. கோப்புதான் கெட்டுவிட்டது என்று முதல் ராத்திரி முழுக்க டேக்குகளைத் துழாவினேன்.

மறுநாள் வேறு எதற்கோ $விலை-10 என்று அடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ‘$விலை-10’ என்ற மாறியே அறிவிக்கப்படவில்லையாம்! எக்ஸ்எம்எல் பெயருக்குள் கழித்தல் குறி வரலாம் அல்லவா? நான் கழிக்கச் சொன்னதை அது ஒரே பெயராக வாசித்திருக்கிறது. ‘விலை-தள்ளுபடி’ என்று ஒரு டேக்கைத் தேடி, கிடைக்காமல், சத்தமில்லாமல் திரும்பியிருக்கிறது. அந்த மௌனம்தான் எரிச்சல்.

பிறகு இடைவெளியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ‘விலை -தள்ளுபடி’ ஓடுகிறது. பெயர் எதுவும் கழித்தல் குறியில் தொடங்க முடியாது. ‘விலை- தள்ளுபடி’ இலக்கணப் பிழை. குறியில் முடியும் பெயர் செல்லும் என்பதால் இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கின்றன. ஆக, முன்னால் இடைவெளி கட்டாயம், பின்னால் நம் விருப்பம்.

மூன்றாம் ராத்திரி என் திமிருக்குக் கிடைத்தது. அடைப்புக்குறி எதற்கு என்று எடுத்துவிட்டு $ந/விலை - தள்ளுபடி என்றேன். மறுபடி வெள்ளைத் திரை. சாய்கோடு கழித்தலைவிட இறுக்கமாகப் பிடிக்கும். தள்ளுபடியை நூலுக்குள் தேடாமல் கோப்பின் உச்சியில் தேடியிருக்கிறது. சாய்கோடு பாதைக்குப் போய்விட்டதால்தான் வகுத்தலுக்கு ‘டிவ்’ (div) என்று எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பது எக்ஸ்குவெரியை இயக்கும் பேஸ்எக்ஸ் என்ற மென்பொருளில். இலவசம், ஜாவா இருந்தால் போதும். இன்னொரு மென்பொருளான சாக்ஸனிலும் இதையே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒப்பீடு. விலை = 100 சரியாக ஓடுகிறது; ‘=’ இடத்தில் ‘ஈக்யூ’ (eq) போட்டால் வகைப்பிழை. ஸ்கீமா, அதாவது எந்த டேக்கில் எந்த வகைத் தகவல் என்று சொல்லும் விவரம், இல்லாத விலையை ஈக்யூ எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்கிறது. (1,2) != (1,2), அதாவது இரண்டும் சமமில்லை என்பது, உண்மை என்று வருவதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை, அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

அதற்குள் மொத்தக் கணக்கில் பாதி நூல்களைக் காணோம். தள்ளுபடி டேக் இல்லாத நூலில் இந்தக் கழித்தலின் விடை வெறுமைதான். இப்போதைக்கு விலை - (தள்ளுபடி, 0)[1], அதாவது தள்ளுபடி இருந்தால் அது, இல்லாவிட்டால் 0, என்று ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன்.