பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்த ஸ்கேன்

வருடாந்தர மாஸ்டர் செக்கப்பில் இந்த முறை எனக்கு 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. குடிப்பழக்கமே இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, அது தனி வேதனை. 'நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்' என்றிருந்த இந்த நோயின் பெயரையே 2023-ல் மாற்றி அதிலிருந்து ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள், என் மாமனாருக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

செக்கப்பில் இருந்த டாக்டர், "கொழுப்பு இருக்கறது இருக்கட்டும், கல்லீரல் இறுகியிருக்கான்னு தெரியணும், ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். சாதாரண வயிற்று ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்று பார்த்துத்தான் கிரேடு போடுகிறார்கள், அது கொழுப்பின் கணக்கு. தழும்பு விழுந்து கல்லீரல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்பது வேறு கணக்கு. முன்பெல்லாம் அதற்கு ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும், அப்படி எடுத்தாலும் மொத்தக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் கையில் வரும்.

சரி என்று ஒரு ஸ்கேன் சென்டரில் பதிவு செய்தேன். பணமாகக் கட்டுவீர்களா, ஜிபேயா என்று கேட்டார்களே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. காலையில் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் போய்ப் படுத்துவிட்டேன். வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல் தடவி, ஒரு பேனா மாதிரியான ப்ரோபை அழுத்தினார்கள். டொக், டொக் என்று யாரோ விரலால் சுண்டுவது போல இருக்கும், வலி கிடையாது. பத்து முறை சுண்டி முடித்ததும் சீட்டு வந்தது: கல்லீரலின் இறுக்கம் 8.9 கிலோபாஸ்கல். பக்கத்தில் 'எஃப் 2', அதாவது தழும்பில் இரண்டாம் நிலை, என்று வேறு போட்டிருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை, என் மனைவியையும் தூங்கவிடவில்லை.

அந்த டொக்கில்தான் விஷயமே இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த எக்கோசென்ஸ் 2003-ல் கொண்டுவந்த கருவி இது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சின்ன அதிர்வைத் தோலுக்கு மேலிருந்து அனுப்பி, அது கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்டால் பின்தொடர்ந்து பார்க்கிறது. தேங்காயைச் சுண்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லுவோமே, ஏறக்குறைய அந்த வேலைதான், இங்கே சத்தத்துக்குப் பதில் வேகம். மெத்தென்ற கல்லீரலில் அலை மெதுவாகப் போகும், இறுகியதில் பாயும். 5 கிலோபாஸ்கல் என்றால் நொடிக்கு 1.3 மீட்டர், நாம் நடக்கிற வேகம். 20 என்றால் மெதுவோட்டம். வேகம் இரண்டு மடங்கானால் இறுக்கம் நான்கு மடங்காகிவிடும்.

அப்புறம் ஒரு கல்லீரல் டாக்டரைத் தேடிப் போனேன். சீட்டைப் பார்த்ததுமே, "சாப்பிட்டுட்டா போனீங்க?" என்றார். சாப்பிட்டதும் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் கூடிவிடும், அப்போது அளந்தால் இறுக்கம் கூடுதலாகத்தான் காட்டும், குறைந்தது மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றார். மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும்போதோ பித்தநாளம் அடைத்திருந்தாலோ இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கியிருந்தாலோகூட, தழும்பே இல்லாமல் எண் ஏறுமாம். இன்னொன்றையும் காட்டினார். சீட்டின் ஓரத்தில் 'ஐக்யூஆர்' என்று ஒரு சதவீதம் இருக்கும், பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைச் சொல்வது. அது 30-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 38. அதாவது அந்த 8.9-ஐ நம்பவே முடியாது, அதை நம்பித்தான் ஒரு வாரம் நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கணக்கும் போட்டார். வயது 43, கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 61, பிளேட்லெட் 2.4 லட்சம், எல்லாம் செக்கப் ரிப்போர்ட்டிலேயே இருந்தவை. ஃபிப்-4 என்று பெயர், விடை 0.87 வந்தது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த ஓசிக் கணக்கை முதலிலேயே யாராவது போட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் ஆத்திரம்தான்.

இரண்டாம் முறை வெறும் வயிற்றில், வேறு இடத்தில் எடுத்தேன். 6.2, ஐக்யூஆர் 12 சதவீதம். 8-க்குக் கீழ் என்பதால் அவருக்குக் கவலையில்லை. ஆனால் அதே கருவி கொழுப்பையும் அளக்கும், கேப் என்பார்கள், அது 301 என்று கொழுகொழுவென்று நின்றது. உடம்பில் பத்து சதவீதம் குறைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார். என் 84 கிலோவில் எட்டைத் தொலைக்க வேண்டும்.

இப்போது தினமும் காலையில் நடக்கிறேன். 6.2 கிலோபாஸ்கலுக்கு அலையின் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, போனில் என் வேகம் 4.6 காட்டுகிறது.