தர்மசிஸ்வா கிடைத்தது, டிரான்ஸ்கிரிப்ட் படுத்திய பாடு

இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகை கிடைத்துவிட்டது. யோக்யகர்த்தாவில் ஒரு கல்வியாண்டு, இந்தோனேசிய மொழியும் பண்பாடும். பட்டம் கிடையாது, மாதாமாதம் செலவுக்குப் பணம் தருவார்கள், விமான டிக்கெட் நம் பொறுப்பு. 1974-லிருந்து நடக்கும் திட்டம் என்பதால் விவரமெல்லாம் தேடினால் கிடைக்கும். நம் பக்கத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டு அதற்கான காகிதங்களை வாங்குவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பாஸ்போர்ட் ராமநாதபுரம் தபால் நிலைய சேவை மையத்திலேயே முடிந்தது. போலீஸ் விசாரணையும் சிக்கலில்லை. மருத்துவச் சான்று அரசு மருத்துவமனையில் ஒரே காலையில் கையில் வந்தது. என்னை அழ வைத்தது டிரான்ஸ்கிரிப்ட்.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "மார்க் ஷீட் இருக்குல்லம்மா, அப்புறம் என்ன?" என்றார்கள். எல்லா செமஸ்டரும் ஒரே தாளில், ஆங்கிலத்தில், முத்திரையோடு வேண்டும் என்று விளக்கினேன். பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னார்கள். வெயிலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்களாம். என்னை அனுப்பிய கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து கடிதம் வாங்கி, பணம் கட்டி, காத்திருந்து வாங்கிய தாளில் வாப்பா பெயர் தப்பு. பாஸ்போர்ட்டிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் முகமதுக்கு ஒரு 'எம்', இதில் இரண்டு.

"ஒரு எழுத்துதானே, யாரு பார்க்கப் போறா?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், விசாவுக்கும் அதே பெயர்தான். பிறகு, நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வரச் சொன்னார். அவர்கள் தட்டச்சில் விட்ட பிழைக்கு நான் ஏன் பத்திரம் எழுத வேண்டும்? நல்ல வேளையாக, நான் கொடுத்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் பையில் இருந்தது. அதில் ஒரே 'எம்'. அதை எடுத்துக்கொண்டு நேராகப் பிரிவு அலுவலரிடம் போனேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பேனாவால் அந்த எழுத்தைச் சுழித்தார், அன்று மாலைக்குள் புதுத்தாள் வந்தது. கவுன்ட்டரிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் கடைசித் தேதி போயிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இவர் நன்னடத்தை உள்ளவர்" என்ற வழக்கமான வரிகள் உதவாது. நீங்கள் எதைப் படிக்கப் போகிறீர்கள், ஏன் என்பதை அறிந்த ஆசிரியர் எழுத வேண்டும். எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் பெரியபட்டினத்தைப் பற்றி எழுதினார். ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் அது, பழைய துறைமுகம். அங்கே நடந்த அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இளம்பச்சை மெருகு, விளிம்பில் மெல்லிய கோடு. அத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தும் அந்தப் பச்சை போகவில்லை.

நேர்காணலில் பேச்சு அதில்தான் நின்றது. எங்கள் கரைக்கும் உங்கள் தீவுகளுக்கும் பழைய உறவு என்றேன். கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் பக்கம், லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைச் சொன்னேன். ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்த கல் அது, இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவரை தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பெரியபட்டினம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட ஆரம்பித்தார். "அங்க போய் ஆட்டமும் பாட்டுமா படிக்கப் போற? துபாய்னாலும் பரவாயில்லை" என்று கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் சொன்னது அந்த நிமிடம்வரை நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அடுத்து விண்ணப்பிக்கும் தங்கச்சி, தம்பிகளுக்கு: சின்ன வயதில் உம்ராவுக்கு எடுத்த பாஸ்போர்ட் இருந்தால் முடியும் தேதியை இன்றே பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து வருடம்தான். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், முதல்வர் கடிதத்தோடு டிரான்ஸ்கிரிப்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.