வியாழனை வெட்டி ஒட்டிய கதை

முதல் தடவை அந்தக் கோப்பைத் திறந்தபோது டவுன்லோட் பாதியில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை, அகலம் 1648 பிக்சல், உயரம் பல ஆயிரம். கறுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு, அப்புறம் வில் மாதிரி வளைந்த ஒரு வெளிச்சத் துண்டு, அதே துண்டு கொஞ்சம் நகர்ந்து இன்னொரு முறை, அதற்குக் கீழே இன்னொரு முறை. வியாழன் எங்கே என்று தேடினேன். அதுதான் வியாழன். வாழைக்காயை சிப்ஸ் கட்டையில் வைத்துச் சீவி வரிசையாக அடுக்கியது மாதிரி இருந்தது.

இது நாசாவின் ஜூனோ விண்கலத்தில் உள்ள ஜூனோகேம் என்ற கேமரா எடுத்த கச்சாப் படம். ஜூனோ 2011 ஆகஸ்ட் 5 அன்று கிளம்பி 2016 ஜூலையில் வியாழனைப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கேமராவை முக்கியமாக ஆராய்ச்சிக்கென்று வைக்கவில்லை, நம்மை மாதிரி வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகத்தான் வைத்தார்கள். சான் டியேகோவில் இருக்கும் மாலின் நிறுவனம் செய்தது, கேண்டி ஹேன்சன் என்ற விஞ்ஞானி பொறுப்பு. படத்தைக் கழுவித் துடைத்து வண்ணம் சேர்த்துத் தருவதற்குப் பெரிய படை எதுவும் கிடையாது. கச்சாப் படத்தை அப்படியே வெளியே வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சமைக்கலாம். நீங்கள் வாட்ஸப்பில் பார்த்து வாயைப் பிளந்த வியாழன் படங்களில் பாதிக்கு மேல் இப்படி யாரோ ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ததாகத்தான் இருக்கும்.

ஏன் சீவல் சீவலாக வருகிறது? ஜூனோ நிமிஷத்துக்கு இரண்டு சுற்று வீதம் பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே போகிறது. சுழல்கிற பம்பரத்தின் மேல் கேமராவை ஒட்டிவைத்துவிட்டு சாதாரணமாக கிளிக் பண்ணினால் எல்லாம் இழுபட்டுத்தான் வரும். அதனால் சென்சார் மேலேயே சிவப்பு, பச்சை, நீலம், மீத்தேன் வாயுவுக்கென்று ஒன்று என நான்கு பில்டர்களைப் பட்டையாக ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 128 வரிசை பிக்சல் வரும். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகர்ந்து காகிதத்தைப் படிக்கும் இல்லையா, இங்கே மெஷினே சுழன்று வியாழனைப் படிக்கிறது. நீலம், பச்சை, சிவப்பு, மறுபடி நீலம், பச்சை, சிவப்பு என்று துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பிரித்து, நிறவாரியாக ஒட்டி, மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வண்ணப்படம். சொல்ல ரொம்ப எளிது.

நான் எடுத்துக்கொண்டது 2017 ஜூலையில் ஜூனோ, பெரும் சிவப்புப் புள்ளி என்கிற வியாழனின் ராட்சதப் புயலுக்கு மேலே சுமார் 9,000 கி.மீ. உயரத்தில் பறந்தபோது எடுத்த படங்களில் ஒன்று. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேயர் லேயராக வைத்துக் கையாலேயே ஒட்டிவிடலாம் என்ற மிதப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் வந்தது என்னவென்றால், அந்தக் கால சிவகாசி காலண்டர் ஞாபகம் இருக்கிறதா, அச்சில் கலர் தள்ளிப்போய் முருகனுடைய உதட்டுச் சிவப்பு கன்னத்தில் நிற்குமே, அதே கதைதான். ஒரு ஓரத்தில் சரியாகப் பொருத்தினால் மறு ஓரத்தில் பச்சையும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. வியாழனுக்கு மிக அருகில் வரும்போது ஜூனோவின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 58 கி.மீ. ஒரு நிறத்தின் ஒரு பட்டைக்கும் அதே நிறத்தின் அடுத்த பட்டைக்கும் இடைவெளி சுமார் 0.37 நொடி. அந்தக் கண்சிமிட்டலில் விண்கலம் இருபது கிலோமீட்டர் தாண்டிவிடுகிறது. ஆக, நீலம் பார்த்த கோணம் வேறு, சிவப்பு பார்த்த கோணம் வேறு. போதாக்குறைக்கு வியாழன் உருண்டை, லென்ஸ் ஓரத்தில் வளைக்கிறது, அடியில் கிரகமும் சுழல்கிறது. வெறும் கத்தரிக்கோலும் பசையும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

முறையான வழி என்னவென்றால், ஒவ்வொரு பட்டையும் எடுக்கப்பட்ட நொடியில் விண்கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு பிக்சலும் வியாழனில் எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் நிறத்தைக் கொண்டுபோய் வைப்பது. இருப்பிடத் தகவலுக்கு ஸ்பைஸ் என்ற பெயரில் நாசா கோப்புகள் தருகிறது, இலவசம். இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் அமெரிக்க நிலவியல் துறையின் ஐசிஸ் மென்பொருளும் இலவசம், ஆனால் அதற்கான தரவை இறக்கி முடிப்பதற்குள் என் மாத டேட்டா பாக்கி இல்லாமல் கரைந்தது. கடைசியில் பைத்தான் மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஜெரால்ட் ஐக்ஸ்டாட் என்ற ஜெர்மன் கணிதக்காரர் இதே வேலைக்குத் தன் சொந்த மென்பொருளை எழுதி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் படங்களைச் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய படம் பக்கத்தில் என் படத்தை வைத்துப் பார்த்தால் அழுகை வரும், அதனால் வைப்பதில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது. எல்லாக் கணக்கும் சரி, ஆனாலும் கிரகத்தின் விளிம்பு மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால், படத்தோடு வரும் தகவல் கோப்பில் போட்டிருக்கும் பட்டை இடைவெளியோடு ஒரே ஒரு மில்லிநொடி கூட்டிக்கொள்ள வேண்டுமாம். கேமராவுக்கான ஸ்பைஸ் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்காதது என் தப்பு. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதானே என்று தோன்றும். விண்கலம் நொடிக்கு 12 டிகிரி திரும்புகிறது, முப்பது பட்டை தாண்டும்போது பத்து பிக்சல் தள்ளிப்போய்விடுகிறது. அந்த ஒரு மில்லிநொடியைக் கூட்டி ஓடவிட்டதும் விளிம்பு ஒரே கோடாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, ராத்திரி ஒன்றரை மணிக்குத் தனியாகக் கை தட்டினேன்.

அடுத்தது நிறம். இங்கேதான் சண்டையே. கேமரா 12 பிட்டில், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் வெளிச்சப் படிகளில் அளந்ததை 8 பிட்டாக, அதாவது 256 படிகளாகச் சுருக்கி அனுப்புகிறது, கிட்டத்தட்ட வர்க்கமூலம் எடுக்கிற மாதிரி. அதை முதலில் விரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் நிறத்தைச் சரிக்கட்ட உட்கார்ந்தால் எதுவும் ஒட்டாது, பண்ணிப் பார்த்துவிட்டேன். அப்புறம் நீலத்தைத் தூக்க வேண்டும், அது மற்ற இரண்டையும்விட மங்கலாக வரும். சூரியன் சாய்வாக விழுகிற இடத்தில் இருட்டு கூடுதலாக இருக்கும், அதை ஈடுகட்ட வேண்டும். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால் கையில் வருவது ஒரு சாதுவான படம். பால் கூடின காபி நிறம், கொஞ்சம் சந்தனம், அங்கங்கே செங்கல் பழுப்பு. அவ்வளவுதான்.

அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இவ்ளோ டல்லா இருக்கு? நெட்ல பார்த்தா நீலமா சுழிசுழியா இருக்குமே" என்றான். இருடா என்று சொல்லி, கான்ட்ராஸ்ட்டை இழுத்தேன், நிறச் செறிவை ஏற்றினேன், ஷார்ப்பன் போட்டேன். பத்தே நிமிஷத்தில் மயில்கழுத்து நீலத்தில் சுழல்கள் எழுந்து நின்றன. "இதான்! ஆமா, எது மாமா நிஜம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சுழல்கள் பொய் இல்லை, ஒவ்வொரு சுழியும் அங்கே இருக்கிறது, மேகங்களுக்கு நடுவில் உள்ள நிற வித்தியாசமும் இருக்கிறது, கண்ணுக்குப் படாத அளவுக்கு மெலிதாக இருந்ததை நான் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறேன். வானிலை ஆராய்கிறவர்களுக்கு அப்படி இழுத்துக் காட்டிய படம்தான் உபயோகம். ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இப்படித் தெரியுமா என்றால், தெரியாது. என் மனக்குறை இழுப்பதில் இல்லை, இழுத்ததைச் சொல்லாமல் விடுவதில்தான். நிறம் கூட்டப்பட்டது என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த வரியோடுதான் பெரும்பாலும் முதலில் வெளியிடுகிறார்கள், நாலு கை மாறுவதற்குள் அதுதான் முதலில் உதிர்கிறது.

ஷார்ப்பன் மட்டும் வேறு கேஸ். அதை அளவுக்கு மீறி ஏற்றினால் இல்லாத கோடுகளே முளைக்கும். அது நிஜமாகவே பொய்.

இல்லாததைக் கண்டுபிடித்த அனுபவமும் எனக்கு உண்டு. வியாழனின் நிலவு ஐயோவின் ஒரு படத்தில் விளிம்புக்கு வெளியே ஒரு வெளிச்சப் புள்ளி. ஐயோவில் எரிமலைப் புகை விளிம்பில் குடை மாதிரி தெரியும், 1979 மார்ச்சில் வாயேஜர் 1 எடுத்த படத்தில் லிண்டா மொராபிட்டோ முதல் எரிமலையைப் பிடித்ததே அப்படித்தான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நண்பர்கள் மூன்று பேருக்கு அனுப்பியும்விட்டேன். அப்புறம் மெதுவாகப் பட்டைகளைப் பிரித்துப் பார்த்தால், புள்ளி சிவப்பில் மட்டும் இருக்கிறது, பச்சையிலும் நீலத்திலும் சுத்தமாக இல்லை, அடுத்த சிவப்புப் பட்டையில் அதே இடத்திலும் இல்லை. வியாழனைச் சுற்றியுள்ள கதிர்வீச்சில் ஒரு துகள் சென்சாரில் மோதிய தடம். மூன்று பேருக்கும் மன்னிப்பு மெசேஜ் அனுப்பினேன். ஒருவர் இன்னும் "எரிமலை எப்படி இருக்கு" என்றுதான் போனை எடுக்கிறார்.

உண்மையாகவே பிடித்தவர்களும் இருக்கிறார்கள், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். 2020 டிசம்பர் 30 அன்று ஜூனோ எடுத்த வட துருவப் படம் ஒன்றை 2022-ல் கெவின் கில் என்பவர் எடுத்துச் செய்தபோது, ஒரு சுழலுக்குள் பச்சையாக ஒரு ஒளி. வியாழனில் மின்னல். ஒரு வருஷத்துக்கு மேல் எல்லார் கண்ணெதிரேயும் கிடந்த படம். நம்ம ஊர் கதையும் உண்டே. 2019 செப்டம்பரில் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்த பிறகு, நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த முன் படத்தையும் பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிக்சல் பிக்சலாகத் தேடி, சிதறிய துண்டு ஒன்றைச் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார் சண்முக சுப்பிரமணியன். டிசம்பரில் நாசாவே அதை உறுதி செய்தது. அவர் காட்டியது ஒரே ஒரு வெளுத்த புள்ளி. நான் காட்டியதும் ஒரே ஒரு வெளுத்த புள்ளிதான். அவர் எத்தனை முறை சரிபார்த்திருப்பார் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது கையில் இருப்பது 2023 டிசம்பர் 30 படம், மறுபடி ஐயோ, வெறும் 1,500 கி.மீ. தூரத்திலிருந்து. இந்தப் படம் கிடைத்ததே பெரிய விஷயம். ஜூனோ வியாழனை எட்டு முறை சுற்றி வரும் வரையாவது தாங்கட்டும் என்றுதான் கேமராவைச் செய்தார்கள், அது ஐம்பதையும் தாண்டி ஓடியது. 47-வது சுற்றிலிருந்து கதிர்வீச்சு அடி தெரிய ஆரம்பித்து, 56-க்குள் கிட்டத்தட்ட எல்லாப் படமும் கோடும் புள்ளியுமாகப் பாழாகிவிட்டது. ஐயோவை நெருங்கச் சில வாரம்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் கேமராவின் ஹீட்டரை முழுசாக ஏற்றிச் சூடு வைத்தார்கள். சூடு பட்டால் சிலிக்கானில் உள்ள பழுது சில சமயம் தானாக ஆறும். ஓடாத டேப் ரெக்கார்டரைத் தட்டிப் பார்க்கிற எங்கள் அப்பாவின் வைத்தியம்தான் கிட்டத்தட்ட. முதலில் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் கடைசி நேரத்தில் படம் தெளிந்தது.

நேற்று ராத்திரி இதைப் பொருத்தி முடித்துவிட்டு, வெறுமனே பார்க்கலாமே என்று நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டும் கர்வை மட்டும் மேலே இழுத்தேன். வெயில் படாத பாதி, சுத்தக் கறுப்பு என்று நான் விட்டிருந்த பாதி, சாம்பலும் மஞ்சளுமாக மெல்ல மேலே வந்தது. எரிமலைக் குழிகள் தெரிந்தன. அந்தப் பக்கம் சூரியனே இல்லை, வியாழன் பிரதிபலித்த வெளிச்சத்தில் தெரிகிற தரை அது. நம் பிறை நிலாவின் இருட்டுப் பாகம் பூமி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியுமே, அது மாதிரி. இரைச்சல் அதிகம்தான், நடுவில் ஒரு பட்டை ஒட்டு வேறு பளிச்சென்று தெரிகிறது, அதை இன்னும் சரிசெய்யவில்லை. பையனுக்கு அனுப்பினேன். "நிறம் கூட்டப்பட்டதா மாமா?" என்று கேட்டிருக்கிறான். நிழல் மட்டும் கூட்டப்பட்டது என்று பதில் போட்டிருக்கிறேன்.